வானியலும் ஜோதிடமும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தொலைநோக்கியில் சனியின் வளையத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஜாதகத்தைப் பற்றித்தான். அந்தச் சந்தேகங்களை, கேட்டவர்களின் பேச்சு மாறாமல் இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில் வரும், சிக்கலானவை போகப்போக வரும்.

1. ரெண்டுமே கிரகத்தைப் பத்தித்தானே பேசுது? அப்புறம் என்ன வித்தியாசம்?

ஒரு ஜாதகத்தில் இரண்டு வகைக் கூற்றுகள் இருக்கின்றன. "இவர் பிறந்தபோது சந்திரன் ரோகிணியில், சனி கும்பத்தில்" என்பது முதல் வகை. இது வானத்தைப் பற்றியது. வானத்தைப் பார்த்தோ கணக்கிட்டோ சரி, தவறு சொல்லிவிடலாம். "அதனால் இவருக்குத் திருமணம் தள்ளிப்போகும்" என்பது இரண்டாம் வகை. இது மனித வாழ்க்கையைப் பற்றியது. முதல் வகை வானியல், இரண்டாவது ஜோதிடம். முதலாவது பல நேரம் சரியாக இருப்பதால் அதற்குக் கிடைக்கும் மதிப்பு இரண்டாவதற்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

கணக்குப் போடுவதால் ஒன்று அறிவியல் ஆகிவிடாது. சொன்னது நடக்காமல் போனால் சொன்னவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். கீழே வரும் பதில்கள் பலவும் இந்தக் கேள்விக்குத்தான் திரும்பும்.

2. அறிவியல் முறை, அறிவியல் முறைன்னு சொல்றீங்களே, அது வானியல்ல எப்படி நடக்குது?

செவ்வாயின் பாதையை ஜெர்மன் வானியலாளர் கெப்ளர் கணக்கிட்ட கதை இதற்கு நல்ல சான்று. டைக்கோ பிராஹே வெறுங்கண்ணால் அளந்து வைத்த செவ்வாயின் இடங்கள் ஓரிரு கலை அளவுக்குத் துல்லியமானவை (60 கலை ஒரு பாகை). கெப்ளர் பாடுபட்டு அமைத்த வட்டப்பாதைக் கணக்கு, அந்த அளவீடுகளிலிருந்து சில இடங்களில் 8 கலை விலகியது. முழுநிலவின் அகலத்தில் நாலில் ஒரு பங்குதான் அது. கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். டைக்கோவின் அளவீட்டில் அவ்வளவு பிழை இருக்க முடியாது என்று தெரிந்ததால் கெப்ளர் தன் கணக்கையே தூக்கிப்போட்டார். செவ்வாய் நீள்வட்டத்தில் சுற்றுகிறது என்ற முடிவு 1609-இல் அப்படித்தான் வெளிவந்தது.

இன்னொரு சான்று ஹாலி வால்மீன். அது 1758 வாக்கில் திரும்பும் என்று ஹாலி சொல்லியிருந்தார். பிரெஞ்சுக் கணிதர் கிளெய்ரோவும், அவரோடு லலாந்தும் நிக்கோல் ரேன் லெபோத்தும், வியாழனும் சனியும் வால்மீனை எவ்வளவு தாமதப்படுத்தும் என்று மாதக்கணக்கில் கணக்கிட்டார்கள். சூரியனை நெருங்கும் நாள் 1759 ஏப்ரல் நடுப்பகுதி, ஒரு மாதம் முன்பின் ஆகலாம் என்று அறிவித்தார்கள். வால்மீன் 1758 டிசம்பர் 25 அன்று கண்ணில் பட்டது, 1759 மார்ச் 13 அன்று சூரியனை நெருங்கியது. தேதியோடு பிழையின் எல்லையையும் முன்கூட்டியே சொன்னார்கள் பாருங்கள். எவ்வளவு தவறினால் தோற்றதாக ஒப்புக்கொள்வோம் என்பதைச் சொல்லாத கணிப்பைச் சோதிக்கவே முடியாது.

3. கெப்ளரே ஜாதகம் எழுதினவர்தானே?

எழுதினார். படைத்தலைவர் வாலன்ஸ்டைனுக்கு 1608-இல் அவர் கணித்துக் கொடுத்த ஜாதகம் பிரபலமானது. அரசவைக் கணிதர்களுக்கு அந்நாளில் அதுவும் ஒரு கடமை. கெப்ளரின் மூன்று விதிகள் இன்றும் நிற்பதற்கு அவருடைய பெயர் காரணமில்லை. செவ்வாயை அளந்து பார்க்கிற எவருக்கும் அதே விடைதான் வரும். அவருடைய ஜாதகப் பலன்களுக்கு அப்படி ஒரு சோதனை வழி கிடையாது. நம் ஊர்ப் பெரியவர்களின் பெயரைச் சொல்லிக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

4. பஞ்சாங்கத்துல கிரகண நேரம் கரெக்டா வருதே, அப்போ பலனும் சரியாத்தானே இருக்கும்?

கிரகண நேரம் முதல் கேள்வியில் சொன்ன முதல் வகைக் கூற்று. சந்திரனின் பாதை சூரியனின் தோற்றப் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகள்தான் ராகுவும் கேதுவும். அவை பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டில் ஒரு சுற்று முடிக்கின்றன. சூரியன் இந்தப் புள்ளி ஒன்றின் அருகே இருக்கும்போது அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால் கிரகணம். கிரகணம் நிழலால் வருவது என்று ஆரியபடர் 499-இலேயே எழுதிவிட்டார்.

தமிழ்நாட்டு முறையின் திறமைக்கு ஓர் அருமையான பதிவு இருக்கிறது. ஜான் வாரன் என்பவர் புதுச்சேரிப் பகுதிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் வேலை செய்வதைக் குறித்து வைத்தார். அந்தக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டார். பிழை தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். காகிதம்கூட இல்லாமல் இதைச் செய்தது வணங்கத்தக்க திறமை. ஆனால் அந்த 4, 23, 52 என்ற எண்கள் நமக்குத் தெரிவதே, நிழல் நிலவைத் தொடுவதை யாரும் பார்த்துக் கடிகாரத்தோடு ஒப்பிட முடியும் என்பதால்தான். "இந்தக் கிரகணம் இன்ன நட்சத்திரக்காரர்களுக்கு ஆகாது" என்ற வரிக்கு எத்தனை நிமிடப் பிழை, எத்தனை சதவீதப் பிழை என்று எந்தப் பஞ்சாங்கமும் அச்சிடுவதில்லை.

5. என் ஜாதகத்துல கிரக நிலை சரியா கணிச்சிருக்கான்னு நானே பாக்க முடியுமா?

முடியும், சில விதிகள் போதும். பூமியிலிருந்து பார்க்கையில் புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது. ஆகவே அது சூரியன் இருக்கும் ராசியிலோ அடுத்த, முந்தைய ராசியிலோதான் இருக்க வேண்டும். சுக்கிரன் 48 பாகைக்குள்தான் இருக்கும், அதாவது அதிகம் போனால் இரண்டு ராசி தள்ளி. மூன்று ராசி தள்ளிச் சுக்கிரன் எழுதியிருந்தால் கட்டம் தவறு. ராகுவும் கேதுவும் நேரெதிரே இருக்க வேண்டும்.

லக்னத்தில்தான் (பிறந்த நேரத்தில் கிழக்கு அடிவானில் உதிக்கும் ராசிப் புள்ளி) அதிகம் தவறு நடக்கும், ஏனென்றால் அது சுமார் 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. கோயம்புத்தூரின் உள்ளூர் நேரம் அதைவிடச் சுமார் 22 நிமிடம் பின்னால், சென்னையினுடையது சுமார் 9 நிமிடம் பின்னால். இதைக் கழிக்காமல் விட்டால் கோவைக்காரரின் லக்னம் ஐந்தாறு பாகை தள்ளிப்போகும். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை போர்க்காலத்துக்காகக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டிருந்தன. அந்த ஆண்டுகளில் பிறந்த தாத்தா பாட்டிகளின் ஜாதகத்தில் இது விடுபட்டிருக்கலாம். இவ்வளவையும் திருத்திவிட்டால் கட்டம் சரியாகும். பலன் சரியா என்பது வேறு கேள்வி.

6. சனிப்பெயர்ச்சி வாக்கியத்துல ஒரு தேதி, திருக்கணிதத்துல ஒரு தேதி. எதுதான் சரி?

வானத்தில் சனி எங்கே இருக்கிறது என்பதே கேள்வி என்றால், திருக்கணிதம்தான் சரி. வாக்கிய முறை, எழுத்துகளுக்குள் எண்களைப் பொதித்து வைத்த செய்யுள் வரிகளால் ஆனது. சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள். அந்த எண்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் நிலைநிறுத்தப்பட்டவை. ஆண்டுக்குச் சிறிதளவே பிழை என்றாலும் அது சேர்ந்துகொண்டே போகும். பார்த்துத் திருத்தாவிட்டால் குறையாது. இதைத் தமிழ்நாட்டில் அன்றே உரக்கச் சொன்னவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றி, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். கண்ணால் கண்டு சரிபார்த்த எண்களைக் கொண்டு திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார்.

அண்மைய கணக்கைப் பார்ப்போம். சனி கும்பத்தில் நுழைந்த நாள் திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20, திருநள்ளாற்றில் விழா நடந்ததும் அன்றுதான். அந்த டிசம்பர் நாளில் உண்மையான சனி கும்ப ராசிக்குள் சுமார் 8 பாகை போயிருந்தது. முழுநிலவைப் பதினாறு முறை அடுக்கினால் வரும் தூரம் அது. கையை நீட்டி முஷ்டி மடக்கினால் மறையும் அகலம் ஏறக்குறைய 10 பாகை, ஆகவே கருவியே இல்லாமல் கண்டுபிடிக்கக்கூடிய வித்தியாசம்தான்.

இந்த 11 மாத இடைவெளியைத்தான் எல்லோரும் ஊன்றிக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறோம். சனியின் பெயர்ச்சி வாழ்க்கையை மாற்றுவது உண்மையானால், இரண்டில் ஒரு தேதியை நம்பியவர்களின் பலன்கள் கூட்டம் கூட்டமாகத் தவறியிருக்க வேண்டும். அந்த ஓராண்டே போதும், வழக்கு முடிந்திருக்கும். ஆனால் வாக்கியமா திருக்கணிதமா என்ற விவாதம் மரபைக் காட்டியும் வானத்தைக் காட்டியுமே நடக்கிறது. பலித்த பலன்களை எண்ணிப் பார்த்து நடப்பதில்லை. இரண்டு தேதிக்கும் பலன்கள் அச்சாகின்றன, இரண்டையும் படித்தவர்கள் "அப்படியே நடந்தது" என்கிறார்கள்.

7. நட்சத்திரமெல்லாம் நகர்ந்துட்டதால ராசியே தப்பு, பதிமூணாவது ராசி வேற இருக்குன்னு சொல்றாங்களே?

இந்த வாதத்தை எடுப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும், அதில் பாதி செல்லாது. பூமியின் அச்சு சுமார் 25,800 ஆண்டில் ஒரு சுற்று ஆடுகிறது. அதனால் சம இரவு பகல் புள்ளி 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் பின்வாங்குகிறது. மேலைநாட்டு ஜோதிடம் இதைக் கணக்கில் எடுப்பதில்லை, இந்திய முறை அயனாம்சத்தை, அதாவது அப்படிப் பின்வாங்கிய அளவை, கழித்துவிடுகிறது. பதிமூன்றாவது ராசி என்பது 1930-இல் உலக வானியல் சங்கம் வகுத்த விண்மீன் குழு எல்லைகளால் வந்தது. டிசம்பர் முதல் பாதியில் சூரியன் ஓபியூகஸ் குழுவுக்குள் நிற்கிறது. ராசி என்பது 30 பாகைச் சமப்பிரிவு, விண்மீன் குழுவின் எல்லை அல்ல. ஆகவே இதைச் சொல்லி ஜோதிடத்தை மறுப்பது நியாயமில்லை.

செல்லுபடியாகும் பாதி வேறு. அயனாம்சம் எவ்வளவு என்பதிலேயே பல கருத்துகள் உண்டு. மேகநாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1956 மார்ச் 21-க்கு 23 பாகை 15 கலை என்று வைத்தது, லாகிரி அயனாம்சம் என்று வழங்குவது அதுதான். ராமன் அயனாம்சம் அதிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைப் பாகை குறைவு. மேலை முறைக்கும் நம் முறைக்கும் 24 பாகை வித்தியாசம், எனவே அங்கே மேஷக்காரர் பலரும் இங்கே மீனம். இத்தனை கருத்துகளில் எது சரி என்று பலன்களைச் சோதித்து யாரும் முடிவு கட்டவில்லை. முந்தைய பதிலில் கண்ட நிலைமைதான் இங்கும்.

8. சந்திரன் கடலையே இழுக்குதே, நம்ம உடம்பும் தண்ணிதானே?

ஓதம் (கடல் மட்டம் ஏறி இறங்குவது) வருவது தண்ணீர் என்பதால் அல்ல. கட்டாந்தரையும் சந்திரனால் சுமார் 30 செ.மீ. வரை எழுந்து தாழ்கிறது. பூமியின் ஒரு பக்கம் சந்திரனுக்கு மறுபக்கத்தைவிட 12,742 கி.மீ. அருகில் இருப்பதால் இழுப்பு வேறுபடுகிறது, அந்த வேறுபாடுதான் ஓதம். உங்கள் தலைக்கும் காலுக்கும் இடையே இருப்பது ஒன்றரை, ஒன்றே முக்கால் மீட்டர். அதில் வரும் வேறுபாடு புவியீர்ப்பில் சுமார் 30 லட்சம் கோடியில் ஒரு பங்கு.

சனிக்கும் கணக்குப் போடலாம். மிக அருகில் வரும்போதும் அது சுமார் 120 கோடி கி.மீ. தள்ளி இருக்கிறது. பிரசவ அறையில் 30 செ.மீ. தள்ளி நிற்கும் 60 கிலோ மருத்துவரின் ஈர்ப்பு, குழந்தையின் மேல் சனியின் ஈர்ப்பைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். ஓத விசையை ஒப்பிட்டால் மருத்துவருடையது பல லட்சம் கோடி மடங்கு பெரிது.

9. காரணம் தெரியலைங்கறதுக்காக ஒண்ணு பொய்யாயிடுமா?

ஆகாது. எலுமிச்சையும் ஆரஞ்சும் ஸ்கர்வி நோயைக் குணமாக்கும் என்று ஜேம்ஸ் லிண்ட் 1747-இல் கப்பலில் சோதித்துக் காட்டியபோது வைட்டமின் சி என்ற ஒன்று யாருக்கும் தெரியாது. விளைவு கண்ணுக்குத் தெரிந்தது, காரணம் பிறகு வந்தது. எட்டாவது பதிலின் கணக்கு "ஈர்ப்பால் நடக்கிறது" என்ற விளக்கத்தை மட்டுமே மறுக்கிறது. நமக்குத் தெரியாத வேறு வழியில் கிரகங்கள் வேலை செய்தாலும், விளைவு இருந்தால் எண்ணிக்கையில் தெரியத்தான் வேண்டும்.

10. சரி, யாராவது நிஜமாவே எண்ணிப் பாத்திருக்காங்களா?

பலர். புனேயில் ஜயந்த் நார்லிகரும் சுதாகர் குண்டே, நரேந்திர தபோல்கர், பிரகாஷ் காட்பாண்டே ஆகியோரும் செய்த சோதனை 2009-இல் வெளியானது. படிப்பில் சிறந்த 100 பேர், அறிவுத்திறன் குறைபாடுள்ள 100 பேர், ஆக 200 ஜாதகங்கள். ஒவ்வொரு ஜோதிடருக்கும் அதில் கலந்தெடுத்த 40 கொடுத்து, எது எந்த வகை என்று கேட்டார்கள். 27 ஜோதிடர்கள் விடை அனுப்பினார்கள். சரியானவை 46 சதவீதம். நாணயத்தைச் சுண்டினால் 50 வரும்.

அமெரிக்காவில் ஷான் கார்ல்சன் 1985-இல் வெளியிட்ட சோதனையில் 28 ஜோதிடர்கள் பங்கேற்றார்கள். ஒரு ஜாதகமும் மூன்று பேரின் குணநல அறிக்கையும் தரப்படும், ஜாதகருடையது எது என்று சொல்ல வேண்டும். பாதியாவது சரியாகச் சொல்வோம் என்று ஜோதிடர்களே முன்கூட்டிச் சொன்னார்கள். கிடைத்தது மூன்றில் ஒன்று, குருட்டாம்போக்கில் வருவதும் அதுவே. அந்தத் தரவைச் சிலர் பின்னாளில் வேறு விதமாகக் கணக்கிட்டு மறுத்தார்கள். அப்படி மறுப்பவர்கள் அடுத்துச் செய்ய வேண்டியது புதிய ஆட்களோடு சோதனையை மறுபடி நடத்துவது.

திருமணப் பொருத்தம் பற்றிக் கேட்பவர்களுக்கு டேவிட் வோவாஸின் ஆய்வு. இங்கிலாந்து, வேல்ஸின் 2001 கணக்கெடுப்பில் சுமார் ஒரு கோடித் தம்பதிகளின் சூரிய ராசிகளை ஒப்பிட்டார். ஆயிரத்தில் ஒரு ஜோடியை ராசி சேர்த்து வைத்திருந்தாலும் பத்தாயிரம் ஜோடிகள் கூடுதலாகத் தெரிய வேண்டும். ஒரே ராசி ஜோடிகள் மட்டும் சற்றுக் கூடுதலாக இருந்தார்கள். தோண்டிப் பார்த்தால், படிவத்தை நிரப்பியவர்கள் துணையின் பிறந்த தேதி இடத்தில் தங்கள் தேதியையே எழுதியது போன்ற பிழைகள்தான் காரணம். இது மேலைநாட்டுச் சூரிய ராசி, நம் பத்துப் பொருத்தம் அல்ல. பத்துப் பொருத்தத்துக்கும் இதே வழியில் சோதனை செய்யலாம்.

ஜோதிடத் தரப்பு அதிகம் காட்டுவது மிஷேல் கோக்லனின் செவ்வாய் விளைவு. புகழ்பெற்ற விளையாட்டு வீரர்கள் பிறக்கையில் செவ்வாய் வானத்தின் குறிப்பிட்ட பகுதிகளில் கூடுதலாக இருந்தது என்று 1955-இல் எழுதினார். பிரெஞ்சுக் குழு ஒன்று 1,066 வீரர்களைக் கொண்டு மறுபடி எண்ணி, விளைவு இல்லை என்று 1996-இல் வெளியிட்டது.

11. அதெல்லாம் இருக்கட்டும், எனக்குச் சொன்னது அப்படியே நடந்துச்சே!

நடந்திருக்கும், அதை மறுக்கவில்லை. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்குத் தனித்தனி குணநல அறிக்கை என்று சொல்லி ஒரே தாளைக் கொடுத்தார். அதன் வரிகள் கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26.

நிகழ்வுப் பலனுக்கு நான்கு எண்கள் வேண்டும்: சொல்லி நடந்தவை, சொல்லி நடக்காதவை, சொல்லாமல் நடந்தவை, சொல்லாமல் நடக்காதவை. முதல் எண்தான் நினைவில் தங்குகிறது, மற்ற மூன்றையும் யாரும் குறித்து வைப்பதில்லை. ஆயிரமாண்டு அனுபவம் என்று சொல்வதிலும் இதே குறை இருக்கிறது. மூன்று எண்கள் விடுபட்ட குறிப்பு எத்தனை நூற்றாண்டு நீண்டாலும் நிரம்பாது.

12. வானியல்காரங்களும் கணக்கு தப்பினா "தெரியாத கிரகம் ஒண்ணு இருக்கு"ன்னு சமாளிக்கிறாங்களே, அது மட்டும் நியாயமா?

மிகக் கூர்மையான கேள்வி. யுரேனஸ் கணக்கிட்ட பாதையை விட்டு விலகியபோது, அதற்கப்பால் ஒரு கிரகம் இழுக்கிறது என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே சொன்னது சமாளிப்பு மாதிரியேதான் தெரியும். ஆனால் அந்தக் கிரகம் வானத்தில் எந்த இடத்தில் நிற்கும் என்றும் எழுதிக்கொடுத்தார். கடிதம் கிடைத்த 1846 செப்டம்பர் 23 இரவே பெர்லினில் கால்லே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கேள்விக்கு உண்மையான பதில். புதனின் பாதையும் நூறாண்டுக்குச் சுமார் 43 விகலை (60 விகலை ஒரு கலை) விளக்கமில்லாமல் திரும்பியது. அதே லெவெரியே 1859-இல் அதே உத்தியைக் கையாண்டு, சூரியனருகே வல்கன் என்ற கிரகம் இருக்க வேண்டும் என்றார். பல கிரகணங்களில் தேடினார்கள், இல்லை. நெப்டியூனைக் கண்டவர் என்ற புகழ் வல்கனைக் காப்பாற்றவில்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கை அந்த 43 விகலையைத் தந்தது, வல்கன் கைவிடப்பட்டது.

சமாளிப்பு, தனியாகச் சோதிக்கக்கூடிய புதிய கூற்று ஒன்றைத் தர வேண்டும். அது தோற்றால் விட்டுவிட வேண்டும். இரட்டைக் குழந்தைகளின் வாழ்க்கை ஏன் வேறுபடுகிறது என்று கேட்டால், நவாம்சம் (ராசியின் ஒன்பதில் ஒரு பங்கு) 13 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் என்கிறார்கள். அப்படியானால் அரை மணி நேரம் தவறாகக் குறித்த ஜாதகங்களுக்குச் சொன்ன பலன்கள் தவற வேண்டும், அதை எண்ணலாம். அந்த இடத்தில் பேச்சு பூர்வ புண்ணியத்துக்கோ பரிகாரத்துக்கோ நகர்ந்துவிடுகிறது. பலித்தால் ஜோதிடம், பலிக்காவிட்டால் கர்மவினை என்று வைத்துக்கொண்டால் எந்த நிகழ்வாலும் அதைத் தோற்கடிக்க முடியாது.

13. விஞ்ஞானம் மாறிக்கிட்டே இருக்கு, புளூட்டோவையே தூக்கிட்டாங்களே!

2006-இல் மாறியது வகைப்பெயர். புளூட்டோவின் பாதையும் எடையும் அப்படியே இருக்கின்றன. ஏறக்குறைய அதே அளவுள்ள ஏரிஸ் 2005-இல் அறிவிக்கப்பட்டதும், இரண்டையும் கிரகம் என்பதா, இரண்டையும் விடுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. மாறுவது குறையும் அல்ல. 8 கலைக்காகக் கெப்ளர் மாறியிராவிட்டால் நீள்வட்டம் கிடைத்திருக்காது.

14. யுஜிசியே பாடமா வச்சுது, சுப்ரீம் கோர்ட்டே ஒத்துக்கிச்சே?

2001-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஜோதிடப் படிப்புக்கு அனுமதி தந்தது, அதை எதிர்த்த வழக்கை 2004-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எந்தப் பாடம் வைப்பது என்பது கல்வி அமைப்புகளின் முடிவு என்ற அடிப்படையில் வந்த தீர்ப்பு அது. பலன்களை யாரும் அங்கே சோதித்துப் பார்க்கவில்லை.

15. எங்க ஜோசியரை நானே சோதிக்கணும்னா எப்படிச் செய்யறது?

மரியாதையோடும் அவருடைய ஒப்புதலோடும் செய்யுங்கள். ஜாதகத்தில் எது கண்டிப்பாகத் தெரியும் என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். ஆம், இல்லை என்று பிரியக்கூடியதாக அது இருக்க வேண்டும். 25 வயதுக்குள் திருமணமானவரா, 35 வரை ஆகாதவரா என்பது போல. உரியவர்களின் சம்மதம் பெற்று வகைக்கு 20 வீதம் 40 பிறந்த விவரங்களைச் சேருங்கள். இரு வகையிலும் பிறந்த ஆண்டுகளும் ஆண் பெண் எண்ணிக்கையும் ஒத்திருக்கட்டும், இல்லாவிட்டால் வயதைப் பார்த்தே ஊகித்துவிடலாம். பிறந்த நேரம் மருத்துவமனைப் பதிவிலிருந்து வரட்டும், பின்னால் நேரத்தைக் குறை சொல்ல இடம் வேண்டாம்.

பெயர்களை எடுத்துவிட்டு எண் இட்டுக் குலுக்குங்கள். விடைத்தாள் மூன்றாமவர் ஒருவரிடம் உறையில் இருக்கட்டும். ஜோதிடரிடம் ஜாதகங்களைக் கொண்டுபோகிறவருக்கு விடை தெரியவே கூடாது, முகக்குறியே காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை சரியானால் வெற்றி என்பதை முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். சும்மா ஊகித்தாலே 14 முதல் 26 வரை சரியாக வருவது சகஜம். 28-ம் அதற்கு மேலும் ஊகத்தால் வருவதற்கு வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு, ஆகவே 28 என்று வைக்கலாம். உறையைப் பிரித்த பிறகு எந்த ஜாதகத்தையும் நீக்கக் கூடாது.

பல ஜோதிடர்களைச் சோதித்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நூறு பேர் ஊகித்தால் அதிர்ஷ்டத்தாலேயே ஏறக்குறைய ஒருவர் 28-ஐத் தொட்டுவிடுவார். அவரைப் பற்றி எதுவும் அறிவிப்பதற்கு முன், புதிய 40 ஜாதகங்களோடு அவரை மட்டும் மறுபடி சோதியுங்கள்.